சோப்புக் கணக்கு

மலைப் பிரயாணங்களுக்கென்று நான் எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் பதினான்கும் இன்னமும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன; அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கூலி, கோவேறு கழுதை வாடகை என்று செல்லும் அவற்றின் பத்திகளுக்கிடையே, 1985ஆம் வருஷத்துக்குப் பிறகு ‘சோப்பு’ என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்திருப்பதை யாரேனும் புரட்டினால் காணலாம். புறப்படும்போது எத்தனை கட்டி, திரும்பும்போது எத்தனை கட்டி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. அற்ப விலை பெறும் ஒரு வஸ்துவுக்கு இவ்வளவு கண்டிப்பான கணக்கா என்று எங்கள் சங்கத்துப் பொருளாளர் ஒருமுறை கேலி செய்ததும் உண்டு. ஆயினும், எந்தப் பிரயாணத்தில் எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள் என்பதை, மற்றப் பத்திகளையெல்லாம் மூடிவிட்டு அந்த ஒன்றை மட்டும் எனக்குக் காட்டினால், ஏறக்குறையச் சொல்லிவிடுவேன்.

கல்லூரி மாணவர்களை மலைகளுக்கு அழைத்துச் செல்லும் அச்சங்கத்தில் நான் எடுபிடியாகச் சேர்ந்தது 1978இல். முதற் பிரயாணம் கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரியைத் தாண்டி வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷன் நோக்கிச் செல்லும் பழைய பாதையில். வழிகாட்ட ஒரு பளியர் பெரியவர் வந்தார். மூன்றாம் நாள் நடுப்பகலில் சோலைக்குள்ளிருந்து ஓர் ஓடை வெளிப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போன்ற தெளிவும், விரல் வைத்தால் மரத்துப்போகும் குளிர்ச்சியும் கொண்ட அந்த ஜலத்தைக் கண்டதும், மாணவர்கள் மூட்டைகளைத் தூர எறிந்துவிட்டுக் கவிழ்ந்து படுத்து வாய்வைக்கப் போனார்கள். பெரியவர் தம் கோலைக் குறுக்கே நீட்டினார். “தண்ணியப் பாக்காதீங்க சாமி, தண்ணிக்கு மேல என்ன இருக்குன்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு, என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கரையோரமாகவே ஏறினார். பத்து நிமிஷம் ஏறியதும் மரம் வெட்டும் கூலியாட்களின் குடிசைகள் தென்பட்டன. முப்பது பேர் மாதக்கணக்காய் இருந்த இடம். ஓடையின் இரு கரைகளும் அவர்களுக்குக் காலைக்கடன் கழிக்கும் துறையாக இருந்தன. பெரியவர் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து, ஓடையை விட்டுச் சற்று விலகி, ஒரு பாறையின் அடியிலிருந்து விரற்கனம் கசிந்துகொண்டிருந்த ஊற்றை எங்களுக்குக் காட்டினார். இருபது குப்பிகள் நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து ஏழு வருஷ காலம் நான் தண்ணீரையே குற்றவாளியாகக் கருதி வந்தேன். எந்த முகாமிலும் முதற் காரியமாக ஓடைக்கு மேலே ஏறிப் பார்ப்பது, ஆட்டுப்பட்டியோ மாட்டுக்கொட்டிலோ இருந்தால் வேறு துறை தேடுவது, எடுத்த ஜலத்தைக் கொதிக்க வைக்காமல் ஒருவர் நாவிலும் படவிடாதது என்று நான் காட்டிய கண்டிப்பைப் பற்றி மாணவர்கள் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அந்தக் கர்வத்தோடுதான் 1985இல் இருபத்தாறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவனாகக் கங்கோத்ரிக்குப் போனேன். ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீரும் யாரும் குடிக்கவில்லை என்று கோயிலில் சத்தியம் செய்யத் தயாராக இருந்த நிலையில், திரும்பும் வழியில் இரண்டே நாளில் பதினொரு பேர் வாந்தியும் பேதியுமாகச் சாய்ந்தார்கள்.

அடிவாரத்து ஊரொன்றின் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அவர்களைக் கிடத்திவிட்டு, அவ்வூர் ஆஸ்பத்திரி வைத்தியரை அழைத்து வந்தேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய ஜலத்தில் தலைவழித்த தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து, வாந்தி எடுத்தாலும் விடாமல் மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னார். 1971இல் வங்காளத்து அகதி முகாம்களில் எண்ணற்ற உயிர்களைக் காத்த சிகிச்சை இதுவேயென்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நோயாளிகளைக் கவனித்து முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். நான் அவர் கேளாமலே, நாங்கள் எவ்வளவு நேரம் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம் என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல், தமக்கு ஒரு குவளைத் தண்ணீர் வேண்டும் என்றார். மூடியிட்டு வைத்திருந்த அண்டாவைத் திறந்து, குவளையை விளிம்பில் பற்றி உள்ளே அமிழ்த்தி எடுத்து மரியாதையோடு நீட்டினேன். அவர் குவளையை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டினார். நான்கு விரல்களும் இரண்டாம் கணு வரை நனைந்து, நகக்கண்களில் பொதிந்திருந்த கரியும் மண்ணும் கரைந்து ஒரு கறுத்த துளியாய் நடுவிரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த விரல்கள் அன்று காலை எங்கெங்கே போயிருந்தன என்று அவர் ஹிந்தியில் கேட்டார். இருபத்தாறு பேரும் பதினைந்து நாட்களாக, நாளுக்கு எட்டுப் பத்து முறை, அதே அண்டாவில் அப்படியேதான் முகந்து குடித்திருந்தோம்.

விசாரணை அத்துடன் நிற்கவில்லை. வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கியது யார் என்று அவர் அடுத்தபடியாகக் கேட்டபோது, சமையற்காரரின் உதவியாளாக வந்த பையன் அழ ஆரம்பித்துவிட்டான். நான்கு நாட்களாக அவனுக்கு வயிற்றுப்போக்கு. சொன்னால் வேலையிலிருந்து நிறுத்தி அந்நாட்களின் கூலியைப் பிடித்துக்கொள்வோம் என்று பயந்து மறைத்திருக்கிறான். அவன் பயந்ததில் தவறில்லை, அப்படித்தான் எங்கள் விதி இருந்தது. அடுத்த பிரயாணத்திலிருந்து, வயிறு கெட்ட பணியாளுக்கு முழுக் கூலி உண்டு, அடுக்களைப் பக்கம் மட்டும் மூன்று நாள் வரக்கூடாது என்று விதியை மாற்றினேன். எத்தனையோ வடிகட்டிகளும் மாத்திரைகளும் வாங்கியிருக்கிறேன், இந்தக் கூலிக்குச் செலவான பணத்தைப்போல் பலன் கொடுத்தது வேறில்லை. அண்டாவுக்கு அடிப்பக்கம் ஒரு குழாய் பொருத்தினேன். கணக்குப் புத்தகத்தில் சோப்புக்குப் பத்தி கிழித்ததும் அப்போதுதான்.

நோயைப் பற்றிய இன்னொரு பாடம் எனக்கு ஊர் திரும்பிய பிறகு, தபால் கார்டில் வந்தது. அடுத்த வருஷம் நீலகிரிப் புல்வெளிகளில் ஐந்து நாள் நடந்துவிட்டுப் போன ஒரு மாணவன், வீடு சேர்ந்த பத்தாம் நாள் வயிறு உப்பி, அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் விட்டுக்கொண்டு கிடப்பதாகவும், கடைசி நாளில் தேயிலைத் தோட்டத்து லயன் ஒன்றில் வாங்கிக் குடித்த மோர்தான் காரணமென்று தான் நினைப்பதாகவும் எழுதியிருந்தான். சென்னை வைத்தியர் ஒருவர், அது ஜியார்டியா என்னும் நுண்ணுயிர் என்று கண்டு மருந்து கொடுத்தார். அதை 1681ஆம் வருஷத்திலேயே ஹாலந்து தேசத்து லேவன்ஹூக் தம் சொந்த மலத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்துக் கண்டாராம். தமக்குப் பேதியானால் அதையும் ஆராயத் தோன்றிய அந்த மனிதரிடம் எனக்கு இன்றளவும் தனிப்பட்ட பிரியம் உண்டு. வைத்தியர் சொன்னதில் என்னைத் தைத்தது வேறொன்று: இந்த ஜந்து உடம்பில் புகுந்து நோயைக் காட்ட ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கும்; ஆகையால் நடந்த ஐந்து நாளில் எந்த நாளும் காரணமாக இருக்கலாம், கடைசி நாள் மோரின்மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. அப்படியானால் நானும் இத்தனை காலமாக, நோய் கண்ட தினத்துக்கு முந்தின தினத்து ஓடைகளையே வரிசையாகச் சபித்து வந்திருக்கிறேனே என்று எண்ணியபோது, வெட்கமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன.

கொதிக்க வைப்பதிலும் எனக்கு வெகுகாலம் ஒரு மூடநம்பிக்கை இருந்தது. கோமுகத்துக்குப் போகும் வழியில் போஜ்பாசா முகாம் ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே தண்ணீர் 87 பாகையிலேயே தளதளவென்று கொதித்துவிடுவதால், பருப்பு மூன்று மணி நேரம் ஆனாலும் வேகாமல் பல்லில் நறநறக்கும். பருப்பு வேகாத சூட்டில் கிருமி எப்படிச் சாகும் என்று எண்ணி, இருபது நிமிஷம் கொதிக்கவேண்டும் என்று நான் உத்தரவிட்டிருந்தேன். மண்ணெண்ணெய் பாதி வழியில் தீர்ந்து, ஒரு பூர்ஜ மரத்தின் கிளைகளை விறகுக்காக வெட்டிய பாவமும் ஒரு வருஷம் என் தலையில் விழுந்தது. உண்மை என்னவென்றால், நோய்க்கிருமிகளுக்கு நூறு பாகை தேவையில்லை. எழுபதுக்கு மேல் சற்று நேரம் இருந்தாலே அவை மடிய ஆரம்பித்துவிடுகின்றன. சமவெளியில் நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிஷமும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிஷமும் போதும் என்று அறிந்த பிறகு, எங்கள் எண்ணெய்ச் செலவு பாதியாகக் குறைந்தது.

கொதிநீரைவிட மருந்துகளே மாணவர்களுக்குப் பிடித்தமாக இருந்தன. காரணம், அவற்றில் வேலை இல்லை. டிங்க்சர் அயோடினைச் சொட்டுக் கணக்கில் விட்டதும், ஈரம் பட்டு வீரியம் போன பிளீச்சிங் பவுடரை நம்பி ஏமாந்ததும், குளோரின் மாத்திரைகள் அழகிய அட்டைகளில் வந்ததும் எல்லாம் நான் பார்த்த காலத்திலேயே நடந்தவை. கோமுகத்து நதி பாறைமாவு கரைந்து பால்போல் ஓடுவது. அதில் மாத்திரை போட்டால் மருந்தின் வீரியம் வண்டலோடு போராடுவதிலேயே கழிந்துவிடும். ஆகவே இரவில் பாத்திரத்தில் தெளியவிட்டு, மேல் ஜலத்தை மட்டும் துணியில் வடித்தெடுப்போம். என் பாட்டியார் கலங்கல் தண்ணீர்க் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளியவைப்பதைச் சிறுவயதில் பார்த்திருந்ததால், ஒரு பொட்டலம் கொண்டுபோய் அங்கும் உரைத்தேன். ஜலம் ஸ்படிகமாய்த் தெளிந்தது. தெளிந்த ஜலம் சுத்தமான ஜலம் ஆகிவிடாது என்பதை அந்தப் பாட்டியாருக்குச் சொல்லவும் வழியில்லை, சொல்லும் தைரியமும் எனக்கு இருந்திராது.

மாத்திரை விஷயத்தில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். 1994இல் ஒரு குழுவில் எல்லோரும் ஒழுங்காக மாத்திரை போட்டார்கள், நான் கண்ணாரக் கண்டேன். இருந்தும் ஆறு பேருக்கு வயிறு கெட்டது. அவர்கள் நடப்பதைப் பின்னாலிருந்து ஒரு நாள் முழுதும் கவனித்தபோது மர்மம் வெளிப்பட்டது. மருந்து வாடை பிடிக்காமல், மாத்திரை கரைந்த கணமே ஆரஞ்சுச் சுவைப் பானப் பொடியையும் அதே குப்பியில் தட்டிக் குலுக்கிவிடுகிறார்கள்! அந்தப் பொடியில் உள்ள வைட்டமின் ‘சி’ குளோரினையும் அயோடினையும் செயலற்றதாக்கிவிடும்; வாடை போய்விட்டதே என்று அவர்கள் மகிழ்ந்தபோது, வாடையோடு மருந்தும் போயிருந்தது. அரைமணி நேரம், குளிர்ந்த தண்ணீரானால் அதைவிட அதிக நேரம் கழித்துத்தான் பொடியோ எலுமிச்சையோ சேரவேண்டும் என்பதை அன்றிலிருந்து புறப்படும் முன்பே சொல்லிவிடுவது வழக்கமாயிற்று.

பிற்காலத்தில் வந்த நுண்குழல் வடிகட்டிகள் கைக்கடக்கமானவை, நல்லவை; ஜியார்டியாவைப் போன்றவை அவற்றின் துளைகளில் நுழையமாட்டா. வைரஸ் நுழைந்துவிடும். குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிரையும் அவை தடுத்துவிடும்; நுழைந்துவிடும் வைரஸுக்காக, வடிகட்டியபின் மாத்திரையும் போடுவது உத்தமம். உறைபனி இரவில் வடிகட்டியை வெளியே வைத்துவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் உறைந்து குழல்கள் வெடித்துவிடும். வெளிப்பார்வைக்கு எந்தப் பழுதும் தெரியாது. ஆகையால் இரவில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு உறங்குங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம், கூடாரத்தில் எழும் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகும்.

சௌசத்தைப் பற்றி எழுதுவது நாகரிகமில்லை என்று கருதுவோர் உளர். ஆனால் மலையில் நான் கண்ட மாறுதல்களிலெல்லாம் பெரியது அந்த விஷயத்திலேதான். ஆரம்ப காலத்தில் ஒரு பாதையில் வருஷத்துக்கு இரண்டு மூன்று குழுக்கள் போகும். நீரிலிருந்து அறுபது மீட்டர் விலகி, ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணிட்டு மூடிவிட்டால் காலப்போக்கில் மண் அதை ஜீரணித்துவிடும். ஒரே புல்வெளியில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் தங்கத் தொடங்கியபோது அந்தச் சாண் ஆழத்துக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. ரூப்குண்டத்துக்குப் போகும் வழியிலுள்ள பேத்னி புல்வெளியை முதலில் பார்த்தபோது, காலை வைக்கக் கூசும்படி மலர் விரித்திருந்தது. பிற்பாடு போனபோது கூடாரக் குழிகளும் காகிதமும் ஈயுமாகக் கிடந்தது. 2018இல் உத்தராகண்ட உயர்நீதிமன்றம் அத்தகைய புல்வெளிகளில் முகாமிடுவதைத் தடுத்தது. அதனால் எங்கள் தொழிலில் பலருக்கு நஷ்டம், எனக்கும்கூட. தடுத்தது சரி என்பதே என் அபிப்பிராயம். பனியின்மேல் முகாமிடுவோர் செய்வது இதைவிடக் கேடு: மே மாதம் பனியில் புதைத்த அசுத்தம் ஜூன் மாதம் அப்படியே உருகி வழிகிறது, அடுத்த குழு அவ்வழிவின் கீழேயே குப்பி பிடிக்கிறது.

நம் தேசத்தார் தண்ணீரால் சுத்தி செய்துகொள்பவர்கள். காகிதக்காரர்களைவிட நாம் சுத்தமானவர்கள் என்ற பெருமையும் நமக்கு உண்டு. அந்தச் சுத்தியைச் செய்த கை பிறகு சோப்பைக் காணவேண்டும் என்பதை மட்டும் மலையில் மறந்துவிடுகிறோம். ஜில்லென்ற ஓடையில் விரலை நனைத்து உதறிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைப்பு. அதைவிட ஆபத்தானது வழிநடைத் தின்பண்டம். மிக்சர்ப் பொட்டலம் ஒன்று வரிசையின் முன்னிருந்து பின்னுக்குக் கைமாறிப் போவதைக் கண்டால், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு வியர்க்கும். ஒவ்வொருவரும் உள்ளே கைவிட்டு அள்ளுகிறார்கள், கடைசியில் வருபவன் முன்சென்ற இருபது பேருடைய கைகளையும் தின்கிறான். “உள்ளே கை விடாதே அப்பா, உள்ளங்கையில் கொட்டிக்கொள்” என்று நான் சொல்லாத நாளில்லை. குவளையை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம்மவர் வழக்கம், பிறந்த இடத்தில் தீட்டு என்னும் இழிவு கலந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் குப்பியைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்தில் அது தற்செயலாகச் செய்யும் நன்மையையும் மறுப்பதற்கில்லை.

வெள்ளியங்கிரி மலையில் சித்திரைப் பௌர்ணமியன்று ஏறும் ஜனத்திரளில் கலந்து நானும் பலமுறை ஏறியிருக்கிறேன். கைதட்டிச் சுனையிலும் ஆண்டிச் சுனையிலும் ஜலம் நல்லதா கெட்டதா என்று அடிவாரத்திலேயே என்னைக் கேட்பார்கள். வழியில் ஒருமுறை சுக்குக் காப்பி விற்றவர் ஒரே வாளித் தண்ணீரில் எத்தனை குவளைகளை முக்கியெடுத்தார் என்பதை உட்கார்ந்து எண்ணினேன். எண்பத்து மூன்றோடு எண்ணுவதை நிறுத்தினேன், அதற்குள் வாளி நீரின் நிறமும் காப்பியின் நிறமும் ஒன்றாகிவிட்டன. அந்தக் காப்பியைச் சுனைநீரைப் பற்றிக் கேட்டவர்களும் சந்தேகமில்லாமல் வாங்கிக் குடித்தார்கள்.

கை கழுவச் செய்வதற்கு உபதேசம் பயன்படவில்லை. ஒரு யந்திரம் பயன்பட்டது. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றின் பக்கத்தில், மேற்பாதியில், காய்ச்சிய ஆணியால் ஒரு துளை. கைப்பிடிக்குள் ஒரு கொம்பைச் செருகி இரு கவைக்கோல்களின்மேல் தொங்கவிடவேண்டும். கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தரையிலே கிடக்கும் ஒரு குச்சியில் கட்டிவிட்டால், குச்சியைக் காலால் மிதித்ததும் கேன் சாய்ந்து நூலிழைபோல் நீர் விழும், காலை எடுத்தால் நிற்கும். ஒருவர் கைகழுவ ஒரு சிறு குவளைத் தண்ணீருக்குமேல் செலவாகாது. அழுக்கான கை எதையும் தொடவேண்டியதும் இல்லை. பக்கத்தில் பழைய காலுறைக்குள் சோப்புக் கட்டி ஒன்று தொங்கும். இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லமாட்டேன். பல தேசத்துக் கிராமங்களில் இருப்பதுதான். இதை எங்கே நிறுத்துவது என்பது மட்டும் என் கண்டுபிடிப்பு: மலக்கூடாரத்தின் பக்கத்தில் நிறுத்தியபோது இருட்டில் ஒருவரும் மிதிக்கவில்லை, சோற்றுப் பாத்திரத்துக்குப் போகும் ஒரே வழியில், சமையற்காரரின் கண்ணெதிரே நிறுத்தியபோது எல்லோரும் மிதித்தார்கள். மிதிக்காதவன் தட்டில் சோறு விழாது என்று எங்கள் நேபாளத்துச் சமையற்காரர் தாமே ஒரு சட்டம் செய்துகொண்டார். அதை அவர் எனக்கும் தயவின்றி அமல்படுத்தினார்.

2020க்குப் பிறகு ஒவ்வொருவர் தோளிலும் சானிடைசர் குப்பி தொங்கத் தொடங்கியது. அவ்வருஷத்துக்குப் பின் சென்ற முதற் குழுவில் எட்டுக் கட்டி சோப்பு போயிற்று. ஏழு கட்டி உறை பிரியாமல் திரும்பிற்று. ஐந்து பேர் வாந்தியும் பேதியுமாக வந்து இறங்கினார்கள். மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் அந்தத் திரவம் சரியாக வேலை செய்யாது என்பதும், வாந்திபேதி உண்டாக்கும் சில கிருமிகள் அதற்கு எளிதில் சாவதில்லை என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை; நானும் அவ்வளவு குப்பிகளைக் கண்ட மயக்கத்தில் சொல்லத் தவறிவிட்டேன்.

இப்போது என் முழங்கால்கள் மேலே ஏறச் சம்மதிப்பதில்லை. குழு புறப்படும் நாளில் அடிவாரம் வரை போய்ச் சாமான்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, திரும்பும் நாளில் எண்ணி வாங்கிக்கொள்கிறேன். போன வருஷம் தலைமை தாங்கிய பெண், என்னிடம் படித்தவள்தான், ஆறு கட்டி சோப்பையும் பையில் போட்டுக்கொண்டே, “எல்லார்கிட்டயும் சானிடைசர் இருக்கு சார், இது எதுக்கு இவ்வளவு?” என்றாள். கொண்டுபோ அம்மா என்று மட்டும் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் மாலையில் பஸ் வந்து நின்றது. அவள் இறங்கியதும் வழியிலே கண்ட கரடியைப் பற்றியும் பனிச்சரிவைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். நான் அவள் பையைத் திறந்து, நீர்க்காவி ஏறிய அந்தக் காலுறையை வெளியே எடுத்து உதறினேன். தேய்ந்து, விரல் பதிவோடு, பாதிக் கட்டி ஒன்று விழுந்தது. பையின் அடியில் முழுக் கட்டி ஒன்று இருந்தது. ஒன்றரை என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். யாருக்காவது வயிறு சரியில்லையா என்று நான் கேட்கவில்லை.